பதினேழாம் காம்பராவின் இரண்டு அடுப்புகள்

நாகலெட்சுமி அக்காவை நான் முதன்முதலில் பார்த்தபோது அவர் தன் அடுப்பை ஒளித்து வைத்திருந்தார். கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் சுற்றிக்கொள்ளும் படங்குச் சாக்கை அடுப்பின் மேல் போர்த்தி, அதன் மேல் கூடையைக் கவிழ்த்து, கூடைக்கு முன்னால் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். ஈரச் சாக்கு சூடேறும் வாசம் வந்தது. கூடையின் ஓரத்திலிருந்து நூல்போல ஒரு புகை கிளம்பி அவருடைய தோளை ஒட்டி மேலே போனது. அவர் அதைப் பார்க்காதவர்போல இருந்தார். நானும் அப்படியே இருந்தேன்.

ஆற்றை மறித்து மின்சாரத்துக்கு ஓர் அணை கட்டப்போகிறார்கள். பொகவந்தலாவையிலிருந்து ஏழு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஆத்துமேட்டுத் தோட்டத்தின் கீழ்க்கணக்குப் பிரிவில், தொழிலாளர்கள் குடியிருக்கும் மூன்று லயங்கள் தண்ணீருக்குள் போகும். மூன்றிலும் சேர்த்து நாற்பது காம்பரா. அணைக்கு முன்னால் அங்கே இருக்கிற சனங்களுக்கு என்ன பாதிப்பு என்று கணக்கெடுக்க வேண்டும் என்பது சட்டம். கொழும்பில் ஒரு நிறுவனம் அந்த வேலையை எடுத்து, தமிழ் தெரிந்த ஆறு பேரைப் பத்து வாரத்துக்குச் சேர்த்துக்கொண்டது. நான் அதில் ஒருவன்.

படிவம் இருபத்திரண்டு பக்கம். முதல் பக்கத்திலேயே குடும்பம் என்றால் என்ன என்று எழுதியிருந்தது. ஒரே அடுப்பில் சமைத்து உண்பவர்கள் ஒரு குடும்பம். ஒரு குடும்பத்துக்குப் புது இடத்தில் ஒரு வீடு. ஹட்டனில் நடந்த பயிற்சியில் இதைச் சொல்லிவிட்டு, சனங்களிடம் மட்டும் சொல்லக் கூடாது என்றார்கள். சொன்னால் இல்லாத அடுப்பை எல்லாம் காட்டுவார்களாம்.

கீழ்க்கணக்கில் இருக்கிற அடுப்பே காணாமல்போகும் என்று பயிற்சியில் யாரும் நினைக்கவில்லை. நான்கு வருடத்துக்கு முன் மேற்கணக்கில் ஒரு லயம் எரிந்துபோனது. அதற்குப் பிறகு, காம்பராவுக்கு முன்னால் இருக்கும் இஸ்தோப்பில் யாரும் அடுப்பு வைக்கக் கூடாது என்று தோட்டத்தில் கட்டளை போட்டிருந்தார்கள். வேலையைப் பார்க்கும் கண்டாக்கு ஐயா எப்போதாவது வந்து, கண்ணில் பட்ட அடுப்பைக் காலால் கலைத்துவிட்டுப் போவார். ஆகவே கையில் பைலோடு ஒருவன் பாதையில் இறங்கினால், முதல் காம்பராவிலிருந்து கடைசிக் காம்பரா வரைக்கும் சேதி ஓடும். "பைல் வருது! பைல் வருது!" அன்றைக்கு அந்தப் பைல் நான்.

"இந்தக் காம்பராவுல எத்தன குடும்பம் அக்கா?"

"ஒண்ணுதான் தம்பி. நானும் அந்த மனுசனும். மகளக் கொட்டகலையில கட்டிக் குடுத்தாச்சு."

"எத்தன அடுப்பு?"

"ஒண்ணு."

உள்ளேயிருந்து ஓர் ஆண் குரல் வந்தது. அவருடைய கணவர் பொன்னையா. "ஆமா, ஒண்ணுதான். அதுவும் ஒழுங்கா எரிய மாட்டேங்குது."

அக்கா சுவரைப் பார்த்துச் சொன்னார். "கேக்காத ஆளு பேசுனா அத எழுதாதீங்க தம்பி."

பக்கத்துக் காம்பராவில் யாரோ சத்தமாகச் சிரித்தார்கள். நான் எழுதினேன். இலக்கம் 17. குடும்பத் தலைவர் பொன்னையா, வயது 54, தேயிலை கவ்வாத்து வெட்டும் வேலை. மனைவி நாகலெட்சுமி, வயது 49, கொழுந்தெடுக்கும் வேலை. அடுப்பு ஒன்று.

கூடையிலிருந்து இப்போது இரண்டு நூல் புகை வந்துகொண்டிருந்தது. அக்கா கையெழுத்தைப் போட்டுவிட்டு, "வேற என்னா?" என்றார். ஒன்றுமில்லை என்று எழுந்து அடுத்த காம்பராவுக்குப் போனேன்.

அந்தக் காம்பராவின் கதையை நான் துண்டு துண்டாகத்தான் தெரிந்துகொண்டேன். ஆறு வருடமாகப் பொன்னையா உள்ளே சமைக்கிறார், அக்கா இஸ்தோப்பில் சமைக்கிறார். அவர் உள்ளே படுக்கிறார், இவர் வெளியே. ஆனால் ஒரு தண்ணீர்ப் பீப்பாய்தான். அதில் யார் எப்போது மொள்வது என்பதில் சண்டை வந்ததே இல்லை. உள்ளே இருக்கும் தொலைக்காட்சியில் இருவரும் ஒரே நாடகத்தைப் பார்ப்பார்கள், இடையிலுள்ள கதவைத் திறந்து வைத்துக்கொண்டு. அவர் சேனலை மாற்றினால் இவர் சட்டி மூடியால் தரையில் ஒரு தட்டுத் தட்டுவார். உடனே பழைய சேனல் வந்துவிடும். இருவரும் பேசிக்கொள்வதில்லை. பேச வேண்டியதைப் பூனையிடமோ, பக்கத்துக் காம்பரா ராக்காயி அக்காவிடமோ சொல்வார்கள்.

கொழுந்து மலையில் அக்கா வேறு ஆள். காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடும்போது யாரோடும் ஒட்டாமல் ஓரமாக நிற்பார். ஆனால் தேயிலை நிரையில் இறங்கிவிட்டால் அவர் பக்கத்தில்தான் சிரிப்புச் சத்தம் கேட்கும். மற்றப் பெண்களின் புருசன்மாரைப் போல நடந்து காட்டுவாராம். தன் புருசனைப் போல மட்டும் நடந்து காட்டமாட்டார் என்று ராக்காயி அக்கா சொன்னார்.

மூன்று வாரம் கழித்துப் பெயர்ப்பட்டியலைப் புள்ளமடுவத்துச் சுவரில் ஒட்டினோம். குழந்தைகளை விட்டுவிட்டு வேலைக்குப் போகும் தாய்மார்கள்தான் முதலில் பார்த்தார்கள். முப்பத்தோராம் காம்பராவில் கஜேந்திரனும் அவன் தம்பியும் தனித்தனி அடுப்பு வைத்திருந்தார்கள். தம்பியின் மனைவி ஷர்மிளா லயத்துக்கு வந்து இரண்டு மாதம்தான். பைலைக் கண்டால் ஒளிக்க வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. அவர்களுக்கு 31 என்றும் 31அ என்றும் இரண்டு வீடு விழுந்திருந்தது.

ராக்காயி அக்கா வாசித்துவிட்டுப் போட்ட சத்தம் மேலே பாதை வரைக்கும் கேட்டது. "ஏ லெட்சுமி! அடுப்புக்கு ஒரு வீடாம்டி! நீ என்னடான்னா அடுப்பு மேல கூடையக் கவுத்து வச்சுக்கிட்டு மகாராணி மாதிரி ஒக்காந்திருந்தியே!"

மாலையில் பஸ்ஸுக்கு நின்ற என்னிடம் நாகலெட்சுமி அக்கா வந்தார். கூடை இன்னும் முதுகில் இருந்தது.

"தம்பி, அன்னிக்கு நீங்க பாத்தீங்கள்ல?"

"பாத்தேன் அக்கா."

"பாத்துட்டு ஏன் எழுதல?"

"நீங்க ஒண்ணுன்னு சொன்னீங்க."

"நான் சொல்லுவேன். தோட்டத்து ஆளுன்னு நெனச்சு ஆயிரம் சொல்லுவேன். எனக்கு என்னா தெரியும்? நீங்கதான படிச்ச ஆளு?"

அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கூடையின் கயிற்றைத் தலையில் சரிசெய்துகொண்டே மெதுவாகச் சொன்னார்.

"பதினாறு வயசுல தோட்டத்து வேலைக்குப் பேர் பதிஞ்சேன். அப்பா காம்பரா, அப்புறம் அந்த மனுசன் காம்பரா. கதவுன்னு ஒண்ணு இதுவரைக்கும் எம் பேர்ல இல்ல. உள்ள தாப்பாப் போட்டுக்கிட்டு ஒரு நாளு ஒக்காந்து பாக்கணும் தம்பி. அம்புட்டுத்தான். அது பேராசையா என்னான்னு எனக்கே வெளங்கல."

ஆட்சேபம் தெரிவிக்கப் பதினான்கு நாள் இருந்தது. அன்றைக்கே படிவத்தை அந்தப் பஸ் தரிப்பிடத்தில் வைத்து நிரப்பினேன். தனிக் குடும்பமாகக் கருத வேண்டிய காரணம் என்ற இடத்தில், என்ன எழுத என்று கேட்டேன்.

"வேற வேற அடுப்புன்னு எழுதுங்க."

"ஏன் வேற அடுப்புன்னு கேப்பாங்க அக்கா."

"கேட்டா பாத்துக்கலாம்" என்றார்.

இரண்டு நாள் கழித்து, தண்ணீர் விழும் பீலியடியில் கை கழுவிக்கொண்டிருந்த பொன்னையா என்னைக் கூப்பிட்டார். கவ்வாத்துக் கத்தியைக் கல்லில் சாய்த்து வைத்திருந்தார்.

"தம்பி, அவ தனி வீடு கேட்டு எழுதிக் குடுத்துட்டாளாமே, நெசமா?"

"ஆமாங்க அண்ணே."

கையை உதறிவிட்டுக் கேட்டார். "ஒரு சேவலுக்கா இம்புட்டுக் கோவம்?"

எனக்கு விளங்கவில்லை. அவர் விளக்கினார். முனி கோயிலுக்கு என்று அக்கா நேர்ந்து விட்டிருந்த சேவலை, ஆறு வருடத்துக்கு முன்னால் அவர் பாண் ரொட்டி விற்கும் வண்டிக்காரனுக்கு விற்றுவிட்டார். அந்த வாரத்தில்தான் இஸ்தோப்பில் மூன்று கல் முளைத்தது.

"அதுக்கப்புறம் மூணு சேவல் வாங்கி விட்டுட்டேன் தம்பி. ஒண்ணு அதே செவப்பு, அதே கொண்ட. தீனி போடுறா, வளக்குறா, சேவலோட பேசுறா. எங்கூடத்தான் பேச மாட்டேங்குறா. இன்னும் எத்தன சேவல்தான் வாங்குறது?"

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நானும் சிரிக்கவில்லை.

விசாரணை புள்ளமடுவத்தில் நடந்தது. பிள்ளைகளை அன்றைக்குச் சீக்கிரம் அனுப்பிவிட்டார்கள். அதை நடத்தக் கொழும்பிலிருந்து தில்ஹானி மேடம் வந்திருந்தார். அவருக்கும் கிராம சேவகருக்கும் மட்டும்தான் பெரிய நாற்காலி. மற்றவர்கள் பிள்ளைகளின் குட்டி நாற்காலிகளில் முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். மேடம் சிங்களத்தில் பேசினார். நான் தமிழில் சொன்னேன்.

முதலில் சாட்சி. ராக்காயி அக்கா எழுந்து நின்றார்.

"மேடம், நான் பக்கத்துக் காம்பரா. அந்தாளு வெடியக் காலயில கருவாடு பொரிப்பாரு. இவ அப்ப ரொட்டி சுடுவா. அவரு ரசம் வைக்கையில இவ கருவாடு பொரிப்பா. ஒரே குடும்பம்னா கருவாடும் ரசமும் ஒரே நேரத்துக்கு வராதா? ஆறு வருசமா நாந்தான் மோந்து பாத்துக்கிட்டு கெடக்கேன்."

புள்ளமடுவமே சிரித்தது. மொழிபெயர்த்ததும் மேடமும் சிரித்தார். ஆனால் எழுதவில்லை. இருவரும் சட்டப்படி பிரிந்தவர்களா என்று கேட்டார். இல்லை என்றார் அக்கா. விவாகப் பதிவுச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டார். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமலேயே ஒன்றாகத் தலையாட்டினார்கள். இல்லை. கோயிலில் தாலி கட்டியதோடு சரி. கீழ்க்கணக்கில் பாதிப் பேருக்கு அப்படித்தான்.

மேடமுடைய முகம் தெளிந்தது. கிராம சேவகரிடம் வேகமாக ஏதோ பேசிவிட்டு, என்னைத் தமிழில் சொல்லச் சொன்னார். சொல்லவேண்டியதை இரண்டு தடவை மனதுக்குள் திருப்பிப் பார்த்தேன். எப்படித் திருப்பினாலும் அது ஒரே மாதிரித்தான் இருந்தது.

"பதிவு இல்லாததால, காகிதப்படி நீங்க ரெண்டு பேரும் கல்யாணம் ஆகாதவங்க. அப்படியே எழுதிக்கிட்டா, தனித்தனி ஆளுன்னு அக்காவுக்கு இன்னிக்கே வீடு குடுத்திரலாம்னு சொல்றாங்க."

பொன்னையா எழுந்தார். குட்டி நாற்காலியும் அவரோடு சேர்ந்து எழுந்து கீழே விழுந்தது.

"கல்யாணம் ஆகாதவனா? முன்னூறு பேருக்குச் சோறு போட்டேன் தம்பி! இந்த ராக்காயி மூணு தடவ எல போட்டுத் தின்னா! கேளுங்க!"

"ரெண்டு தடவதான்" என்றார் ராக்காயி அக்கா.

மேடம் அக்காவைக் கேட்டார். சம்மதமா? ஒரு சொல் போதும். அக்கா கேட்ட கதவு அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் நின்றது. அக்கா தன் கையைப் பார்த்தார். கொழுந்துக் கறை ஏறிய விரல்களை ஒவ்வொன்றாகத் தேய்த்தார். ஆம் என்பார் என்று நினைத்தேன். ஆம் என்று சொல்லிவிட வேண்டுமே என்றும் நினைத்தேன். சொல்லிவிடக் கூடாதே என்றும்.

"அப்படி எழுதாதீங்க" என்றார். "எம் மகளுக்கு அப்பன் இருக்கான். அந்த மனுசன் தாலி கட்டுனது கட்டுனதுதான். அடுப்பு வேற. அதுவும் அப்படித்தான். ரெண்டயும் எழுதுங்க."

இரண்டையும் எழுத முடியாது என்றார் மேடம். ஒரே காம்பராவில் கணவன் மனைவியாக இருந்துகொண்டு அடுப்பு வேறு என்று சொன்னால், நாளைக்கு நாற்பது காம்பராவும் வந்து அதையே சொல்லும். சரியான காரணம் வேண்டும். ஏன் தனியாகச் சமைக்கிறார்?

"சேவலுக்கு" என்றார் பொன்னையா முணுமுணுப்பாக.

அக்கா திரும்பிப் பார்த்தார். ஆறு வருடத்தில் அவர் நேராக அந்த மனிதரைப் பார்த்தது அதுதான் முதல் தடவை என்று ராக்காயி அக்கா பிறகு சொன்னார்.

"என்னா சேவல்?"

அக்கா மேடமைப் பார்த்துத்தான் சொன்னார். ஆனால் சொன்னது மேடமுக்கு இல்லை.

"எங்க அம்மா உடப்புசல்லாவையில செத்துப்போச்சு. காலையில ஒம்பது மணிக்கு இவரு போனுக்குச் சேதி வந்திருச்சு. நான் மலையில நிக்கிறேன். எனக்குச் சொல்லல. பொழுதிறங்கி, கொழுந்து நிறுத்து, கூடையக் கழுவி வைக்கிற நேரத்துல வந்து சொல்றாரு. அங்க மூணு மணிக்கே தூக்கிட்டாங்க. பதினாறாம் நாள் முடிச்சுட்டு வந்தேன். இவருக்குச் சோறாக்க கை ஓடல. கல்லப் போட்டேன்."

பொன்னையா அவர் பக்கம் திரும்பினார்.

"அதுக்கா?" என்றார். "அதுக்கா லெட்சுமி?" பிறகு என்னிடம், "தம்பி, நான் சொல்லத்தான் வந்தேன். ரெண்டு தடவ மலைக்கு வந்தேன். இவ யாரு மாதிரியோ நடந்து காட்டிச் சிரிச்சுக்கிட்டு நின்னா. எல்லாம் சிரிக்குதுங்க. எப்படிப் போயிச் சொல்றது? தூரத்துல நின்னு பாத்துட்டு திரும்பிட்டேன். இன்னும் கொஞ்ச நேரம் சிரிக்கட்டும்னு நெனச்சேன். அப்புறம் நேரம் போயிருச்சு. சொன்னாலும் போய்ச் சேந்திருக்க மாட்டா. ஹட்டன் போயி, நுவரெலியா போயி..."

"சேர்றதும் சேராததும் என் கால் பாடு" என்றார் அக்கா. "நடந்தாவது பாதி வழிக்குப் போயிருப்பேன்."

"இத இத்தன வருசத்துல ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?"

"கேட்டீங்களா?"

"நீதான் பேசவே இல்லியே, என்னத்தக் கேக்க?"

நான் மொழிபெயர்ப்பதை எப்போது நிறுத்தினேன் என்று தெரியவில்லை. மேடம் பேனாவை மேசையில் தட்டினார். என்ன சொல்கிறார்கள்? நான் சுருக்கமாகச் சொன்னேன். ஒரு சாவுச் சேதியைத் தாமதமாகச் சொன்னதால். மேடம் படிவத்தைப் புரட்டிப் பார்த்தார். படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் இல்லை.

கடைசியில் என்னைக் கேட்டார். "பிரதாப், கணக்கெடுத்த அன்று அங்கே இரண்டாவது அடுப்பு இருந்ததா? நீ பார்த்தாயா?" கணக்கெடுத்த தேதிக்குப் பிறகு வைத்த அடுப்பு செல்லாது. அந்தத் தேதியில் அங்கே இருந்த வெளியாள் நான் ஒருவன்தான்.

பார்த்தேன் என்று சிங்களத்தில் சொன்னேன்.

பார்த்துவிட்டு ஏன் ஒன்று என்று எழுதினாய்? அக்காவும் இதையே கேட்டிருந்தார். அவருக்குச் சொல்லாத பதிலை இவருக்கும் சொல்ல முடியவில்லை. மேடம் அரைப் பக்கம் எழுதினார். அதில் எவ்வளவு அடுப்பைப் பற்றியது, எவ்வளவு என்னைப் பற்றியது என்று தெரியாது. அடுத்த கட்டத்து வேலைக்கு என் பெயர் வரவில்லை. கையெழுத்து வாங்கும் நாளுக்கு மட்டும், வேறு மொழிபெயர்ப்பாளர் கிடைக்காததால், கூப்பிட்டார்கள்.

முடிவு வந்திருந்தது. 17, பொன்னையா. 17அ, நாகலெட்சுமி. ராக்காயி அக்கா அவருடைய தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தார். அக்காவின் முகத்தில் சிரிப்பு வந்தது. மேடம் வரைபடத்தை விரித்ததும் அது பாதியில் நின்றது.

புது இடத்தில் எல்லாம் இரட்டை வீடு. ஒரு கூரை, நடுவில் ஒரு சுவர், இரண்டு பக்கமும் இரண்டு வீடு. இலக்க வரிசைப்படி ஒதுக்கியிருந்தார்கள். பதினேழுக்குப் பக்கத்தில் பதினேழு அ.

"வேற ஆளப் பக்கத்துல போட ஏலாதா?" என்றார் அக்கா.

மாற்றலாம், ஆனால் மறுபடி ஆட்சேபம், மறுபடி பதினான்கு நாள், மறுபடி விசாரணை என்றார் மேடம். அக்கா வரைபடத்தைத் தன் பக்கம் திருப்பினார். பிறகு தலைகீழாகத் திருப்பினார். எந்தப் பக்கம் திருப்பினாலும் அந்தச் சுவர் நடுவில்தான் இருந்தது.

"நடுச் சுவரு கூரை வரைக்கும் போகுமா தம்பி?"

லயத்தில் காம்பராக்களுக்கு நடுவில் உள்ள சுவர் கூரையைத் தொடாது. ஒருவர் இருமினால் ஐந்தாவது காம்பராவில் கேட்கும். நான் மேடமிடம் கேட்டேன். போகும், முழுக்க மூடித்தான் கட்டுவார்கள் என்றார். அக்கா கொஞ்சம் யோசித்தார். அது நல்லதா கெட்டதா என்று அவர் முகத்திலிருந்து எனக்குத் தெரியவில்லை. பேனாவை வாங்கித் தன் கட்டத்தில் கையெழுத்தைப் போட்டார்.

"அவரு போடாட்டி?" என்று கேட்டார், பேனாவைக் கொடுக்காமல்.

இரண்டு கையெழுத்தும் இருந்தால்தான் கட்ட ஆரம்பிப்பார்கள் என்றேன். அதை அவர் எதிர்பார்க்கவில்லை. பொன்னையா அதுவரைக்கும் கதவடியிலேயே நின்றிருந்தார். மெதுவாக வந்து மேசைக்கு முன்னால் நின்றார். அக்கா பேனாவை மேசையில் வைத்தார், கையில் கொடுக்கவில்லை. அவர் எடுத்தார். எழுத வேண்டிய இடத்தைக் காட்டினேன். அவர் எழுதவில்லை.

"அன்னிக்கு மலையில வச்சுச் சொல்லியிருக்கணும்" என்றார். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை.

அக்கா வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பனி இறங்கி மேற்கணக்கு மறைந்துபோயிருந்தது.

பொன்னையா குனிந்து தன் பெயரை எழுத்துக் கூட்டி எழுதினார். கவ்வாத்துக் கத்தி பிடித்துப் பழகிய கைக்குப் பேனா சிறியதாக இருந்தது. எழுத்து பெரிதாகிக்கொண்டே போனது. கடைசி எழுத்து அவருடைய கட்டத்தைத் தாண்டி அக்காவின் கட்டத்துக்குள் போய் நின்றது.

அக்கா எட்டிப் பார்த்தார். "தம்பி, இங்க வந்திருச்சே. செல்லுமா செல்லாதா?"

மேடம் செல்லும் என்று தலையாட்டினார்.

"நல்லாக் கேட்டுச் சொல்லுங்க" என்றார் அக்கா. நான் மறுபடியும் கேட்டேன். செல்லும்.